வட்டியில்லா வங்கி: நெறியும் காவலும்

வட்டியின்றி ஒரு வங்கி நடக்க முடியுமா என்று கேட்டால், பாலின்றித் தயிர் உறையுமா என்று நம்மில் பலர் திருப்பிக் கேட்பர். ஆயினும் வட்டியை விலக்கிய வங்கிகள் மலேசியாவிலும், வளைகுடா நாடுகளிலும், நம் அண்டை நாடாகிய இலங்கையிலும் இன்று நடைபெற்று வருகின்றன. எனவே அவை நடக்குமா என்பது இனிக் கேள்வியன்று. தாம் கூறிய நெறிப்படி அவை நடக்கின்றனவா? அதனைப் பார்ப்பவர் யார்? பார்த்தவர் சொல்லை நாம் நம்புவதற்கு ஆதாரம் யாது? இம்மூன்று கேள்விகளையே இக்கட்டுரை ஆராயப் புகுகிறது.

நான் பொருளியல் மாணவன் அல்லன். தமிழகத்திலிருந்து அந்தமானுக்கு வந்து கடல் உயிரியல் பயில்பவன். இஸ்லாமிய சமயத்தைச் சார்ந்தவனும் அல்லன். ஆயினும் இத்தீவுகளில் வாழ்பவன் இப்பொருளை முற்றிலும் அயலாகக் கருத இயலாது. 1921-ஆம் ஆண்டின் மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் தண்டனை பெற்று இங்குக் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமாரின் வழியினர் தென் அந்தமானில் வாழ்கின்றனர். கலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர் என்னும் ஊர்ப்பெயர்கள் அவர்தம் தாயகத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. தமிழகத்திலிருந்து வந்து கடை வைத்து வாழும் இஸ்லாமியத் தமிழரும் உளர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்த யூனியன் பிரதேசத்தின் மக்களுள் 100-க்கு 8 அல்லது 9 பேர் இஸ்லாமியர். அவருள் வட்டியைத் தவிர்க்க விரும்புவோர் தம் உழைப்பின் மிச்சத்தை எங்கே வைப்பது? சிலர் வட்டி வராத நடப்புக் கணக்கில் வைக்கின்றனர். சிலர் வரும் வட்டியைத் தாம் தொடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகின்றனர். சிலர் பொன்னாக மாற்றிப் பெட்டியில் பூட்டுகின்றனர். வேறு சிலரிடம், “வட்டியன்று, இலாபம்” என்று சொல்லிக்கொண்டு புதியவர்கள் வருகின்றனர். நம் கவலை இந்நான்காவது வகையைப் பற்றியதே.

நெறி யாது?

முதற்கண் நெறியைத் தெளிந்துகொள்வோம். பணம் தானாகக் குட்டி போடுதல் ஆகாது என்பது இந்நெறியின் அடிப்படை. கடன் கொடுத்தவன், கடன் வாங்கியவன் வாழ்ந்தாலும் தாழ்ந்தாலும் தன் பங்கு மட்டும் குறையாமல் வாங்கிக்கொள்வது ‘ரிபா’ எனப்பட்டு விலக்கப்பட்டது. வாணிகமோ விலக்கப்படவில்லை. இரண்டுக்கும் வேற்றுமை என்னவெனில், வணிகன் நட்டத்திற்கும் தோள் கொடுக்கிறான். ஊதியத்தை விரும்புகிறவன் இடரையும் ஏற்க வேண்டும் என்று சுருங்கக் கூறலாம்.

இதிலிருந்து பல ஒப்பந்த முறைகள் பிறந்தன. ஒருவர் முதல் கொடுக்க, மற்றவர் உழைக்க, வரும் ஊதியத்தை முன்பே பேசிய விகிதத்தில் இருவரும் பகிர்ந்துகொள்வது முழாரபா. இதில் நட்டம் வந்தால் முதல் கொடுத்தவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். இருவரும் முதல் போட்டுக் கூட்டாக நடத்துவது முஷாரகா. பொருளை வாங்கி, வாங்கிய விலையையும் தன் ஊதியத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்பது முராபஹா. பொருளைத் தன் உடைமையாகவே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவது இஜாரா.

இவற்றுள் வங்கிகள் மிகுதியாகக் கையாள்வது முராபஹா. அதனை நம் தீவுக்கேற்ற ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு மீனவர் தம் படகுக்கு 1,00,000 ரூபாய் விலையுள்ள எந்திரம் வாங்க விரும்புகிறார். வட்டி வங்கி அவருக்கு அப்பணத்தைக் கடனாகக் கொடுத்து, முதலின் மேல் ஆண்டுக்கு 100-க்கு 10 வீதம் இரண்டாண்டுகளில் 1,20,000 ரூபாயைத் திரும்பப் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டியில்லா வங்கியோ அந்த எந்திரத்தைத் தானே 1,00,000 ரூபாய்க்கு வாங்கி, மீனவருக்கு 1,20,000 ரூபாய்க்கு விற்று, மாதம் 5,000 ரூபாயாக 24 தவணைகளில் பெறுகிறது. மீனவர் கையிலிருந்து போகும் தொகை இரண்டிலும் ஒன்றே. அப்படியானால் வேற்றுமை பெயரில் மட்டுந்தானா? ஐயம் நியாயமானது. விடையும் உண்டு.

எந்திரம் சென்னையிலிருந்து கப்பலில் வருகிறது. கடலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். வழியில் அது நீரில் மூழ்கிப் போயிற்று என்று கொள்வோம். கடன் வாங்கிய மீனவர் எந்திரத்தையும் இழந்து வட்டியும் கட்ட வேண்டும். முராபஹாவிலோ, மீனவரிடம் விற்று ஒப்படைக்கும் வரை எந்திரம் வங்கியின் உடைமை. ஆதலின் அந்த நட்டமும் வங்கியினுடையதே. மேலும், தவணை பிந்தினாலும் விற்ற விலை ஏறாது. பிந்தியதற்குத் தண்டம் வாங்கினால் அது வங்கியின் வருவாயில் சேராமல் அறச் செயலுக்குப் போக வேண்டும் என்பது அறிஞர் பலரின் முடிவு. அந்த மூன்று நாள் இடரை வங்கி ஏற்பதில்தான் இம்முறையின் உயிர் இருக்கிறது.

நெறி காகிதத்தில் எங்கே இருக்கிறது?

இப்பொழுது ஒரு நுட்பமான கேள்வி எழுகிறது. வங்கி உண்மையிலேயே எந்திரத்தை வாங்கியதா, அல்லது வாங்கியதாக எழுதிவிட்டுப் பணத்தை மட்டும் மீனவர் கையில் கொடுத்துவிட்டதா? ஒப்பந்தத் தாளைப் படித்தால் இது விளங்காது; இரண்டிலும் சொற்கள் ஒன்றாகவே இருக்கும். விளக்கவல்லது தேதிதான். வங்கி வாங்கிய சீட்டின் தேதி, வங்கி விற்ற ஒப்பந்தத்தின் தேதிக்கு முற்பட்டிருக்க வேண்டும். பிற்பட்டிருந்தால், வங்கி தன்னிடம் இல்லாத பொருளை விற்றது. அதாவது பணத்தைக் கடன் கொடுத்து அதன்மேல் வட்டி வாங்கியது.

சமய நெறி என்று நாம் உயரத்தில் வைத்துப் பேசுவது, நடைமுறையில் இரண்டு தாள்களின் தேதி வரிசையில் வந்து நிற்கிறது. ஆதலின் ஓர் ஒப்பந்தத்தின் மாதிரியைப் படித்து, “இது நெறிக்கு உகந்தது” என்று தொடக்கத்தில் ஒருமுறை கையொப்பமிட்டால் காவல் முடிந்துவிடாது. ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் வங்கிக்குள் சென்று, கோப்புகளை எடுத்து, தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாமும் அப்படித்தானே செய்கிறோம்? செய்முறை நூலில் முறை சரியாக எழுதப்பட்டுள்ளது என்பதால் சோதனை சரியாக நடந்தது என்று எந்த ஆசிரியரும் ஒப்புக்கொள்வதில்லை. குறிப்பேட்டைக் கேட்கிறார்.

காவலர் யார்?

எகிப்தில் மித் கம்ர் என்னும் ஊரில் 1963-இல் வட்டியில்லாச் சேமிப்பு வங்கி தொடங்கிற்று. துபாய் இஸ்லாமிய வங்கி 1975-இலும், மலேசியாவின் பாங்க் இஸ்லாம் 1983-இலும் எழுந்தன. வங்கிகள் பெருகியபின், ஒரு வங்கி நெறியுடையது என்றதை மற்றொன்று நெறியற்றது என்னும் நிலை தோன்றிற்று. எனவே பொது அளவைகள் தேவைப்பட்டன. பஹ்ரைனில் 1991 முதல் இயங்கும் ‘ஆயோஃபி’ என்னும் அமைப்பு, கணக்கெழுதுதற்கும் தணிக்கைக்கும் நெறிக்கும் உரிய அளவைகளை வகுத்தது. கோலாலம்பூரில் 2002-இல் நிறுவப்பட்ட இஸ்லாமிய நிதிப்பணி மன்றம், 2009-இல் நெறிக் காவலுக்கென்றே வழிகாட்டும் கொள்கைகளை வெளியிட்டது.

இவ்வளவைகளின் சாரத்தை நான்கு வரம்புகளாகக் கூறலாம். முதலாவது, வங்கிக்கென ஓர் அறிஞர் குழு. ஆயோஃபி அளவைப்படி அதில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டாவது, அன்றாடக் கோப்புகளைப் பார்க்கும் உள் தணிக்கை. மூன்றாவது, வங்கியின் சம்பளப் பட்டியலில் இல்லாத புறத்தார் தணிக்கை. நான்காவது, எல்லா வங்கிகளுக்கும் மேலே நாட்டளவில் ஒரு நடுவர் குழு. நான்காவது எல்லா நாடுகளிலும் இல்லை.

இவற்றுள் முதலாவதில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. அறிஞர்க்கு மதிப்பூதியம் கொடுப்பது யார்? அதே வங்கி. குழுவில் அமர்த்துவது யார்? அதே வங்கி. இதனைச் சொல்லும்போது எந்த அறிஞரின் நேர்மையையும் நான் ஐயுறவில்லை. தேர்வெழுதும் மாணவனே தேர்வாளரை அமர்த்திச் சம்பளமும் கொடுக்கும் பல்கலைக்கழகத்தை எண்ணிப் பாருங்கள். தேர்வாளர் எவ்வளவு நல்லவராயினும் அப்பட்டத்தை உலகம் மதிக்குமா?

மலேசியா இவ்விடருக்குச் சில வேலிகளை இட்டது. அதன் மைய வங்கியில் 1997-இல் ஷரீஅத் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. ஓர் அறிஞர் ஒரே வேளையில் இரண்டு இஸ்லாமிய வங்கிகளின் குழுவில் அமர இயலாது என்ற விதியும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிப்பணிச் சட்டத்தின்படி, தன் நடவடிக்கை ஒன்று நெறிக்கு மாறானது என்று அறிந்த வங்கி உடனே மைய வங்கிக்கு அறிவித்து, அச்செயலை நிறுத்தி, 30 நாட்களுக்குள் திருத்தும் திட்டத்தை அளிக்க வேண்டும். நெறி தவறிய நிறுவனத்தார்க்கு 8 ஆண்டு வரை சிறையும் இரண்டரைக் கோடி ரிங்கிட் வரை தண்டமும் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. பாவம் என்று மட்டும் கருதப்பட்டது அங்கே குற்றமும் ஆயிற்று.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. நெறி பற்றிய வழக்கில் மையக் குழுவின் முடிவு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் என்று மலேசியாவின் 2009-ஆம் ஆண்டு மைய வங்கிச் சட்டம் கூறிற்று. நீதிபதியின் அதிகாரத்தை ஒரு குழுவிடம் கொடுக்கலாமா என்று கடன்பட்ட நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 2019-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து விசாரித்து, ஐவர் செல்லும் என்றும் நால்வர் செல்லாது என்றும் தீர்ப்பளித்தனர். காவலரைக் காப்பவர் யார் என்னும் கேள்வி எளிதில் தீர்வதன்று என்பதற்கு இந்த ஒரு வாக்கு வேற்றுமையே சான்று.

அறிஞர் காவல் வெறும் சடங்கன்று என்பதற்கும் சான்று உண்டு. ‘சுகூக்’ எனப்படும் முதலீட்டுப் பத்திரங்கள் பல, முடிவில் போட்ட முதலை அப்படியே திருப்பித் தருவோம் என்ற உறுதியுடன் விற்கப்பட்டு வந்தன. ஆயோஃபியின் அறிஞர் குழுத் தலைவராயிருந்த முஃப்தி தகீ உஸ்மானி 2007-இல் இதனைக் கண்டித்தார். நட்டத்திற்கு இடமே இல்லாத உறுதி கடனுக்கே உரியது. கூட்டு வாணிகத்திற்கு உரியதன்று என்பது அவர் வாதம். 2008 பிப்ரவரியில் ஆயோஃபியும் அவ்வழியே அறிக்கை வெளியிட்டது. நல்ல சந்தையைக் கெடுக்கிறார்களே என்று வணிகர் வருந்தினர். ஆயினும் வருமானத்தைப் பொருட்படுத்தாமல், “இது ஆகாது” என்று சொல்ல ஒருவர் இருந்தார் என்பதே அந்நெறிக்குப் பெருமை.

இரண்டு காவல்கள்

இதுவரை கூறியது நெறிக் காவல். இதனோடு மற்றொரு காவலும் வேண்டும். அது கணக்குக் காவல். ஒப்பந்தம் தூயதாயிருந்தும் வங்கி மூழ்கலாம். துருக்கியில் இஹ்லாஸ் ஃபினான்ஸ் என்னும் வட்டியில்லா நிதி நிறுவனம், மக்கள் பணத்தில் பெரும்பகுதியைத் தன் குழுமத்து நிறுவனங்களுக்கே கொடுத்திருந்தது. 2001-இல் அதன் உரிமம் பறிக்கப்பட்டு மூடப்பட்டது. முஃப்தி சொல்லக் கூடியது ‘இவ்வாணிகம் ஆகும், ஆகாது’ என்பது. பெட்டியில் பணம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் கணக்காய்வாளர். ஒருவர் வேலையை மற்றவர் செய்ததாக எண்ணிக்கொள்வதுதான் மக்கள் ஏமாறும் இடம்.

எகிப்தில் 1980-களில் அல்-ரய்யான் முதலிய நிறுவனங்கள் சமயத்தின் பெயரால் பணம் திரட்டி, வங்கி வட்டியினும் மிகுதியான ‘இலாபம்’ வழங்கின. 1988-இல் அரசு சட்டமியற்றிக் கணக்குக் கேட்டபோது அவற்றின் உண்மை நிலை வெளிப்பட்டது. எண்ணற்றோர் சேமிப்பை இழந்தனர். ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப் பின் அதே நிகழ்ச்சி நம் அண்டை மாநிலத்தில் நடந்தது. பெங்களூரில் 2006-இல் தோன்றிய ‘ஐ மானிட்டரி அட்வைசரி’ என்னும் நிறுவனம், ஹலால் முதலீடு என்று கூறிப் பல்லாயிரவரிடம் பணம் பெற்றது. மாதந்தோறும் இலாபம் கொடுத்தது. 2019 ஜூனில் அதன் தலைவர் நாட்டைவிட்டு வெளியேறினார். ஜூலையில் திரும்பியபோது கைது செய்யப்பட்டார். சமய அறிஞர் சிலரின் பரிந்துரை விளம்பரமாகப் பயன்பட்டது என்பதும் அப்போது எழுந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. பணம் இழந்தோருள் மகள் திருமணத்துக்குச் சேர்த்தோரும், ஓய்வுப் பணத்தை ஒருங்கே போட்டோரும் இருந்தனர். அவர்கள் பேராசைக்காரர் அல்லர், வட்டிக்கு அஞ்சியவர்கள். அவர்தம் அச்சமே அவர்களை ஏமாற்றுவதற்குக் கருவியாயிற்று என்பதுதான் நெஞ்சைச் சுடுவது.

இத்தகைய ஒரு திட்டத்தின் துண்டறிக்கை, இங்குள்ளோர் ‘மெயின்லாண்டு’ என்று வழங்கும் பெருநிலத்திலிருந்து, என் விடுதித் தோழர் ஒருவரின் தந்தையாருக்கும் வந்தது. அவர் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இங்கு வந்து கடை வைத்திருப்பவர். தோழர் என்னை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பெரியவர் அறிக்கையை என் கையில் கொடுத்து, “தம்பி, கணக்கை நீ பார்த்துச் சொல். மார்க்கத்தை ஆலிம்சாவிடம் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்” என்றார். இரண்டு காவலையும் ஒரே மூச்சில் பிரித்துவிட்டார் அவர். எந்த நூலிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

அறிக்கையில் கண்டது இது: 1,00,000 ரூபாய் போட்டால் மாதந்தோறும் 3,000 ரூபாய் ‘இலாபப் பங்கு’. மழையாயினும் வெயிலாயினும், விற்பனை ஏறினாலும் இறங்கினாலும் அதே 3,000. ஓத மட்டம் அளக்கும் கருவியின் வரைபடத்தை நான் பாடத்தில் பார்த்துப் பழகியவன். இத்தீவுகளில் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். கோடும் அவ்வாறே ஏறி இறங்கும். ஒரு மாதம் முழுதும் கருவி நேர்க்கோடு வரைந்தால், கடல் அமைதியாயிருந்தது என்று எவரும் கொள்ளார். கருவி கெட்டது என்பர். வாணிக ஊதியமும் கடல்போல் ஏறி இறங்குவது. ஏறி இறங்காத இலாபம் இலாபமன்று. அது வட்டியாக இருக்கலாம். அல்லது வேறொருவர் போட்ட முதலாக இருக்கலாம்.

பின்னர் ஒரு சிறு கணக்குப் போட்டோம். 100 பேர் தலைக்கு 1,00,000 ரூபாய் போட்டால் சேர்வது ஒரு கோடி. மாதம் கொடுக்க வேண்டியது 3,00,000. ஒரு கோடியை மூன்று இலட்சத்தால் வகுத்தால் 33 வரும். அதாவது, ஒரு காசுக்கும் வாணிகம் செய்யாமல், போட்ட பணத்தையே எடுத்து 33 மாதங்கள் தவறாமல் ‘இலாபம்’ கொடுத்துவிடலாம்! இடையில் புதியவர் சேர்ந்தால் இன்னும் நீளும். “என் மைத்துனருக்கு இரண்டு ஆண்டாக ஒழுங்காக வருகிறது” என்று நாம் கேட்கும் சான்று 24 மாதம், 33-க்குள் அடங்கிவிட்டது. ஒழுங்காகப் பணம் வந்தது என்பதால் ஒரு திட்டம் மெய்ப்படுவதில்லை.

பெரியவர் கணக்காய்வு செய்யப்பட்ட மூன்றாண்டு வரவு செலவு அறிக்கையைக் கேட்டு அந்நிறுவனத்துக்கு எழுதினார். விடை வரவில்லை. பணம் நடப்புக் கணக்கிலேயே இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் ஏன் முறையான வட்டியில்லா வங்கி இல்லை? 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டமே முதற்காரணம். அதன் 8-ஆம் பிரிவு வங்கி பொருள்களை வாங்கி விற்பதைத் தடுக்கிறது. முராபஹா அங்கே நின்றுவிடுகிறது. 9-ஆம் பிரிவு தன் பயனுக்கு வேண்டாத நிலத்தையும் கட்டடத்தையும் வங்கி ஏழாண்டுக்கு மேல் வைத்திருப்பதைத் தடுக்கிறது. வீட்டுக்குரிய இஜாரா அங்கே நின்றுவிடுகிறது. மேலும், வைப்பாளருக்கு நட்டத்தில் பங்கு என்பது நம் வங்கி முறைக்குப் புறம்பானது.

ரிசர்வ் வங்கி அமைத்த ஆனந்த் சின்கா குழு, இருக்கும் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 2006-இல் கூறியது. இரகுராம் இராஜன் தலைமையில் அமைந்த நிதித்துறைச் சீர்திருத்தக் குழுவோ, வட்டியை விலக்குவோர் வங்கிக்கு வெளியே நின்றுவிடுகின்றனர் என்பதைச் சுட்டி, அவர்க்கு வழி செய்ய வேண்டும் என்று 2008-இல் பரிந்துரைத்தது. தீபக் மொகந்தி குழு 2015-இல், இருக்கும் வங்கிகளிலேயே வட்டியில்லாப் பிரிவு திறக்கலாம் என்றது. ஆயினும் வங்கிப்பணி எல்லாக் குடிமக்களுக்கும் ஒப்பத் திறந்தே இருக்கிறது என்று காரணம் காட்டி, அதனை மேற்கொண்டு தொடரப் போவதில்லை என ரிசர்வ் வங்கி 2017-இல் அறிவித்தது.

கேரளத்தில் அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் அல்-பரகா என்னும் வட்டியில்லா நிதி நிறுவனத்தில் பங்கு கொள்ள முற்பட்டபோது, சமயச் சார்பற்ற அரசுக்கு இது தகுமா என்று வழக்கெழுந்தது. 2011-இல் உயர்நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பின்னர் 2013-இல் சேரமான் நிதி நிறுவனம் என்னும் பெயரில் அம்முயற்சி உருப்பெற்றது. இலங்கையோ 2005-இல் தன் வங்கிச் சட்டத்தைத் திருத்தியது. 2011-இல் அமானா வங்கி அங்கே தொழிலைத் தொடங்கியது. வட்டியில்லா வங்கியை அனுமதிப்பதா என்பதில் அறிஞர் இருதிறத்தும் உளர். என் கருத்து ஒன்றே: அனுமதித்தாலும் தடுத்தாலும், வட்டிக்கு அஞ்சுவோர் இல்லாமற் போய்விடுவதில்லை. கண்காணிப்புள்ள கதவு மூடியிருந்தால் கண்காணிப்பில்லாத கதவைத் தட்டுகின்றனர்.

கதவே இல்லை என்பதும் சரியன்று. மதுத்தொழில், வட்டித்தொழில் முதலியவற்றையும் கடன் மிகுந்த நிறுவனங்களையும் விலக்கிப் பங்குகளைத் தெரிந்தெடுக்கும் பரஸ்பர நிதிகள் செபியின் கண்காணிப்பில் இயங்குகின்றன. மும்பைப் பங்குச் சந்தையும் 2010-இல் இத்தகைய குறியீட்டெண் ஒன்றை வெளியிட்டது. அவற்றின் மதிப்பு ஏறும், இறங்கும். அதனை மறைப்பதும் இல்லை. தமிழக ஊர்களில் பைத்துல்மால்கள் நகை ஈட்டின்மேல் வட்டியில்லாக் கடன் வழங்கி ஏழைகளைக் கந்துவட்டியிலிருந்து காக்கின்றன.

2019-ஆம் ஆண்டின் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டம் இத்தீவுகளுக்கும் உரியது. பெற்ற பணத்துக்கு ஈடாகக் கொடுப்பதை வட்டி என்றாலும், இலாபம் என்றாலும், வெகுமதி என்றாலும் அது வைப்பே என்கிறது அச்சட்டம். ஆயினும் கூட்டாண்மையில் பங்காளி போடும் முதலை அது வைப்பாகக் கருதுவதில்லை. பெங்களூர் நிறுவனம் பணம் போட்டோரை வைப்பாளர் என்னாமல் பங்காளி என்றே எழுதிக்கொண்டது என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். பங்காளி என்னும் சொல் கேட்க இனிது. ஆனால் கணக்கைப் பார்க்கும் உரிமையில்லாத பங்காளி, இடரில் மட்டுமே பங்காளி.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

பணம் போடுமுன் எவரும் கேட்கத்தக்க கேள்விகளைத் தொகுத்துக் கூறுகிறேன். ஒன்று: இந்நிறுவனம் யாரிடம் பதிவு பெற்றது? ரிசர்வ் வங்கியா, செபியா, கூட்டுறவுப் பதிவாளரா? கடைக்கோ கம்பெனிக்கோ பெற்ற பதிவு, பொதுமக்களிடம் பணம் திரட்டும் உரிமை ஆகாது. இரண்டு: நான் வைப்பாளனா, பங்காளியா? முறையான வங்கியின் வைப்புக்கு 5,00,000 ரூபாய் வரை காப்பீடு உண்டு, பங்காளிக்கு இல்லை. மூன்று: இலாபம் மாதத்திற்கு மாதம் மாறுகிறதா? மாறவில்லையெனில், இலாபம் என்று எதனைச் சொல்கிறீர்கள்? நான்கு: நெறிக்கு உகந்தது என்று கையொப்பமிட்டவர் மாதிரித் தாளைப் பார்த்தாரா, கோப்புகளைப் பார்த்தாரா? எந்த ஆண்டில்? ஐந்து: கணக்காய்வாளர் யார், அவர் அறிக்கையை நான் படிக்கலாமா?

இக்கேள்விகளைக் கேட்பது அவநம்பிக்கை என்றும், சமயப் பெரியோரை அவமதித்தல் என்றும் சிலர் கூறுவர். உண்மை இதற்கு மாறானது. அளவையும் நிறுவையும் வழுவாதிருக்க வேண்டும் என்று இஸ்லாமிய நெறி வணிகனை வற்புறுத்துகிறது. அத்தகைய நெறியின் பெயரைச் சூடிக்கொள்ளும் நிறுவனம், தன் தராசைத் தூக்கிக் காட்டத் தயங்கலாகாது. தயங்குமானால், குறை கேட்டவரிடம் இல்லை.

இது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய பாடமும் அன்று. கோயில் பெயரால் சீட்டு நடத்துவோரும், ஊர்ப் பெயரால் பணம் திரட்டுவோரும், தமிழர் நலன் என்று சொல்லிக் கையேந்துவோரும் நம்மிடையே உளர். கடல் கடந்து வந்து வாழும் நமக்கு, நம்மவர் என்ற சொல்லில் மயக்கம் சற்று மிகுதி. நெறியை நம்புவோம், நம்மவரையும் நம்புவோம், கணக்கையும் பார்ப்போம். விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவ நண்பர்கள் இந்த ஐந்து கேள்விகளையும் தாள் ஒன்றில் எழுதி எடுத்துச் செல்வார்களாக. வகுத்தலும் பெருக்கலும் கற்ற பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால், அரைமணி நேரத்தில் அக்கணக்கைப் போட்டுவிடலாம். அந்த அரைமணி ஒரு குடும்பத்தின் இருபதாண்டு உழைப்பைக் காக்கக் கூடும்.